தோளை மறைக்க ஒரு கவுன்: மணப்பெண் உடைத் தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

திருமண கவுன்களை உடலுக்குப் பொருத்தித் தருவது என் வேலை. இங்கே எழுதியிருப்பது ஒரே ஒரு மணப்பெண்ணின் கவுன் பற்றி: தேர்வில் தொடங்கி, ஆர்டர், ஆல்ட்டரேஷன், திருமண நாள், அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது வரை. மணப்பெண்ணின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்கள் இல்லாமல். இந்த வேலையில் அடிக்கடி வரும் சிக்கல்கள் இரண்டு. உடல்வாகு சார்ட்டை நம்பி பாணியைத் தேர்வு செய்வது ஒன்று, இளைத்துவிடலாம் என்று ஒரு சைஸ் குறைத்து ஆர்டர் செய்வது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தது இந்த முறைதான்.

பின்னணி

மணப்பெண்ணுக்கு முப்பது ஆகவில்லை. நீச்சல் பயிற்சியாளர், பள்ளி நாளிலிருந்தே போட்டிகளில் நீந்தியவர். அகன்ற தோள், தசை ஏறிய முதுகு, சிறுத்த இடுப்பு. திருமணத்துக்கு ஒன்பது மாதம் இருந்தபோது அம்மா, அக்கா, ஒரு தோழி என்று நால்வராக வந்தார்கள். அதற்கு முன்பே சில கடைகள் ஏறி இறங்கியிருந்தார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொருவருக்கு ஒன்று பிடித்துப்போய், அதைப் பற்றிய வாக்குவாதத்தோடுதான் உள்ளே நுழைந்தார்கள்.

அம்மாவுக்குக் கை வைத்த கவுன் வேண்டும். சடங்கு நடக்கும் இடத்தில் தோள் மூடியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அதில் நியாயம் இருந்தது. கூடவே, பின்னால் தரையில் படர்ந்து வரும் நீண்ட வாலும் வேண்டும். அக்காவுக்கு நிறம்தான் முக்கியம்: பளிச்சென்ற வெள்ளை, மஞ்சள் கொஞ்சம் கலந்தாலும் பழைய துணி மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. தோழி பெரும்பாலும் படம் எடுத்தார்.

மணப்பெண்ணின் கைப்பேசியில் மெர்மெய்ட் கவுன் படங்கள் நிறைய இருந்தன. மார்பிலிருந்து தொடை வரை உடலோடு ஒட்டி, முழங்காலுக்குக் கீழே மீன்வால் போல் விரியும் வெட்டு அது. அதே கைப்பேசியில் உடல்வாகு சார்ட் ஒன்றும் இருந்தது. பேரிக்காய், ஆப்பிள், மணல் கடிகாரம், தலைகீழ் முக்கோணம் என்று பெண்களைப் பிரித்து, இன்னாருக்கு இன்ன வெட்டு என்று சொல்கிற சார்ட். அவர் தன்னைத் தலைகீழ் முக்கோணம் என்று குறித்துக்கொண்டிருந்தார். அந்த வகைக்குச் சார்ட் சொன்னது: தோளைக் காட்டாதே, வி கழுத்து வை, பாவாடையை அகலமாக விரி. மெர்மெய்ட் ஆசையும் இந்தச் சார்ட்டும் ஒத்துப்போகாது. அதனால் அவரே ஒரு நடுவழி கண்டுபிடித்திருந்தார்: மணிக்கட்டு வரை லேஸ் கை வைத்த மெர்மெய்ட். லேஸ் தோளை மறைத்துவிடும், மற்றதெல்லாம் ஆசைப்பட்டபடியே இருக்கும்.

சைஸ் பற்றியும் முடிவோடுதான் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "அக்கா, ஒரு சைஸ் சின்னதாவே சொல்லிடுங்க, அதுக்குள்ள குறைச்சிடுவேன்" என்றார்.

முதல் சந்திப்பில் கவனித்தவை

ஆசைப்பட்டதை முதலில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் பழக்கம். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைப் போட்டுப் பார்த்தால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கனமான சாட்டினில் தைத்த, லேஸ் கை வைத்த மெர்மெய்ட் சாம்பிள் ஒன்றை உடுத்தி, பின்பக்கம் கிளிப் போட்டு இறுக்கினோம். சாம்பிள் கவுன் யாருக்கும் சரியாக இருக்காது. கிளிப் போட்டால்தான் வடிவம் தெரியும்.

நின்றபோது நன்றாகவே இருந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கியது. தோழி படம் எடுத்தார். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் முன்பணம் கட்டிவிடுகின்றன.

நாற்காலி ஒன்றைப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்காரும்போது தொடையும் பின்புறமும் பரவும். அவருக்கு நின்றால் 38 இன்ச் இருந்த இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவு, உட்கார்ந்தால் 39.5 ஆனது. சாட்டின் இழுபட்டுக் கொடுக்கும் துணி இல்லை. நாற்காலியின் நுனியில், முதுகு விறைத்து, பாதி உட்கார்ந்த நிலையில் நின்றுவிட்டார். எழுந்தபோது தொடை மடிப்பில் மூன்று ஆழமான சுருக்கங்கள்.

அப்புறம் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி அம்மாவைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். பாதியிலேயே கை நின்றது. அக்குளில் லேஸ் இழுத்து, கண்ணிகள் விரிந்து, தையல் பிரியும் அளவுக்குத் திணறியது. மேல் முதுகை ஒரு அக்குள் மடிப்பிலிருந்து மறு அக்குள் மடிப்பு வரை, கையைத் தொங்கவிட்டபடி அளந்தால் 15.5 இன்ச். கையை முன்னால் நீட்டியபடி அளந்தால் 17.75. எல்லோருக்கும் இந்த வித்தியாசம் உண்டு. நீந்துகிறவர்களுக்கு முதுகுத் தசை பெரியது என்பதால் இவருக்கு அதிகமாகவே இருந்தது. சாதாரண அளவுத்தாளில் கை தொங்கிய நிலை அளவு மட்டும்தான் எழுதுவார்கள். அந்த அளவில் தைத்த நீளக்கை கவுனைப் போட்டால், கையை அசைக்காமல் சிலை மாதிரி நிற்கத்தான் முடியும்.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். கையுள்ள கவுனில் இருந்த நேரம் முழுக்க அவர் தோளை முன்னால் குறுக்கிக்கொண்டு நின்றார். கவுனைக் கழற்றிவிட்டுத் தன் சட்டையில் பேசிக்கொண்டிருந்தபோது தோள் தானாகவே பின்னால் போய் நிமிர்ந்தது. லேஸ் தோளை மறைக்கவும் இல்லை. தோளின் மேல் பூ வேலைப்பாடு வந்தால் பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும்.

சார்ட்டை ஏன் ஓரம் வைத்தோம்

சார்ட்டுகள் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். கோடுகள் கண்ணை எங்கே இழுக்கும் என்பதைப் பற்றி அவை சொல்வதில் பாதி உண்மைதான். ஆனால் அவை உடலை முன்னால் இருந்து எடுத்த நிழற்படமாக மட்டுமே பார்க்கின்றன. பக்கவாட்டு இல்லை, முதுகு இல்லை, அசைவு இல்லை, துணி எது என்ற கேள்வியே இல்லை. ஏ-லைன், அதாவது A எழுத்துப் போல் கீழே விரியும் வெட்டு, என்று சார்ட் சொல்லும். மிகாடோ என்ற கனத்த துணியில் தைத்த ஏ-லைன் மணி போல விறைத்து நிற்கும், மெல்லிய ஷிஃபானில் தைத்தால் காலோடு தொங்கும். பெயர் ஒன்றுதான், உடலில் விழுவது முற்றிலும் வேறு.

சார்ட்டின் பெரிய கேடு அதன் தொனி. அது தொடங்குவதே எதை மறைக்க வேண்டும் என்பதிலிருந்து. அகன்ற தோள் உள்ளவருக்குத் தோளில்லாத கவுன் கூடாது என்று இவர் படித்திருந்தார். நடைமுறையில் தோள் பட்டையே இல்லாத நேர்க்கழுத்துக் கவுன்களை நன்றாகத் தாங்குவது இப்படிப்பட்ட தோள்தான். தோள் பட்டை இல்லாத கவுன் மார்பில் தொங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காகத் தைத்த கவுன் இடுப்பில் நிற்கும். உள்ளே, இடுப்பின் ஒடுங்கிய இடத்தில், கெட்டியான நாடாப் பட்டை ஒன்றைத் தைத்து, ஜிப் போடுவதற்கு முன் ஹூக் மாட்டி இறுக்குவோம். பாவாடையின் எடை முழுவதையும் அந்தப் பட்டை வாங்கிக்கொள்ளும். மேல்பகுதிக்கு உள்ளே வைக்கும் வளையும் கம்பிகள் துணியை நிமிர்த்தி வைத்திருக்கும், அவ்வளவுதான். இந்த இடுப்புப் பட்டை இல்லாத கவுனைப் போட்டவர்கள்தான் விருந்து முழுக்க இரண்டு கையாலும் மேலே இழுத்துக்கொண்டே இருப்பார்கள். இவருக்கு இடுப்பு நன்றாகச் சிறுத்திருந்ததால் பட்டை பிடித்து நிற்க இடம் இருந்தது.

தோள் பட்டை இல்லாத சாம்பிள் ஒன்றைப் போட்டோம். அக்கா முதலில் "தோள் பெருசா தெரியுதே" என்றார். மணப்பெண் பதில் சொல்லவில்லை. கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கறதுதானே தெரியும்" என்றார்.

அன்றைய நாள் எப்படிப் போகும்

வெட்டு, கழுத்து, கை எதையும் முடிவு செய்யாமல், திருமண நாளை மணிவாரியாகச் சொல்லச் சொன்னோம். கவுன் விற்கும் இடங்களில் அபூர்வமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பாதி விஷயம் இதில்தான் முடிவாகிறது என்பது என் அனுபவம்.

காரில் முக்கால் மணி நேரப் பயணம். உள்ளே நுழைய நிறையப் படிகள். சடங்கில் மண்டியிட வேண்டும். பிறகு திறந்தவெளியில் படம் எடுப்பது, மாலையில் விருந்து, ஆட்டம். கடைசியில் அவராகவே ஒன்று சொன்னார்: அவரிடம் நீச்சல் கற்கும் சிறுவர் சிறுமியர் வருவார்கள், ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள், அவர் குனிந்து தூக்காமல் இருக்க மாட்டார்.

மெர்மெய்டில் படி ஏறலாம், பக்கவாட்டாக. மண்டியிடுவது கஷ்டம். குழந்தையைத் தூக்குவது நடக்காது. இதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, உட்காரக் கொடுத்த நாற்காலியை ஒருமுறை பார்த்தார்.

துணியும் நிறமும்

கார் பயணம் என்றதும் துணி பற்றிப் பேச வேண்டியதாயிற்று. இளவரசி டயானாவின் 1981 திருமணம் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். டேவிட், எலிசபெத் இமானுவேல் தம்பதி வடிவமைத்த அந்தப் பட்டு டஃபெட்டா கவுனுக்கு 25 அடி வால். கிளாஸ் கோச் என்ற அரச குதிரை வண்டிக்குள் அதை மடித்துத் திணித்து வந்ததில், இறங்கியபோது கவுன் முழுக்கச் சுருக்கம். உலகமே பார்த்தது. டஃபெட்டா நன்றாகச் சுருங்கும், சுருங்கியது லேசில் போகாது. வடிவமைத்தவர்கள் திறமையில் குறை இல்லை. துணியின் குணம் அது.

சாட்டினும் சுருக்கத்தைக் காட்டும். அது ஒரு நெசவு முறை, இழை எதுவாகவும் இருக்கலாம்: பட்டிலும் வரும், பாலியெஸ்டரிலும் வரும். நூல்கள் நீளமாக மேலே மிதந்து கிடப்பதால் பளபளப்பு. அந்தப் பளபளப்பிலேயே ஒவ்வொரு மடிப்பும் கோடு போட்டது போல் தெரியும். கிரேப் சுருங்குவது குறைவு. ஆனால் மெல்லிய கிரேப் உள்ளாடையின் விளிம்பு வரை காட்டிக்கொடுக்கும். கெட்டியான மிகாடோ ஓரளவு சுருக்கம் தாங்கும், உடலிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும், மங்கிய பளபளப்பு. ஆனால் கனம். நாள் முழுக்கத் திறந்தவெளியில் நிற்பவருக்கு வெக்கையாக இருக்கும். எல்லா நல்ல குணமும் ஒரே துணியில் வராது.

நிறத்துக்கு வருவோம். கடையின் மஞ்சள் விளக்கில் வெள்ளையை முடிவு செய்யக் கூடாது. மூன்று துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போனோம். பளீர் வெள்ளை பெரும்பாலும் பாலியெஸ்டரில்தான் கிடைக்கும். பட்டு எவ்வளவு வெளுத்தாலும் அந்த அளவு வெள்ளையாகாது, சற்றுப் பால் நிறத்திலேயே நிற்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பளீர் வெள்ளை மணப்பெண்ணின் முகத்துக்குக் கீழே நீலம் பாரித்தது. ஐவரி, அதாவது தந்த நிறம், இதமாக இருந்தது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் என்றால் வெள்ளைதானே என்று கேட்டார். விக்டோரியா மகாராணி 1840இல் வெள்ளை உடுத்திய பிறகுதான் அந்த வழக்கம் மேற்கில் பரவலானது. அதற்கு முன் பெரும்பாலான மணப்பெண்கள் தங்களிடம் இருந்த நல்ல உடை எந்த நிறமோ அதையே போட்டார்கள். விக்டோரியாவின் உடையே பட்டு சாட்டினும் ஹோனிட்டன் லேஸும்; இன்றைய பளீர் வெள்ளையாக அது இருந்திருக்க வழியில்லை. இதைச் சொன்னதும் அக்கா மனம் மாறிவிட்டார் என்று எழுதினால் கதையாகிவிடும். மாறவில்லை. தங்கை ஐவரி என்றதால் விட்டுக்கொடுத்தார்.

எடுத்த முடிவுகள்

இரண்டு வாரம் கழித்து மணப்பெண் அம்மாவோடு மட்டும் வந்தார். முடிவுகள் அன்றுதான் எடுக்கப்பட்டன. ஆள் குறைந்ததால் பேச்சும் குறைந்தது.

தோள் பட்டை இல்லாத நேர்க்கழுத்து மேல்பகுதி, பிரின்சஸ் கட் (மார்பின் மேல் நெடுக்காக ஓடும் தையல் கோடுகள்), உள்ளே இடுப்புப் பட்டை. இடுப்பு வரை உடலோடு ஒட்டி, அங்கிருந்து மெதுவாக விரியும் ஏ-லைன் பாவாடை. மெர்மெய்ட் ஆசையில் அவருக்கு உண்மையில் பிடித்திருந்தது இடுப்பின் வளைவுதான். அது இதிலும் தெரிந்தது. துணி மிகாடோ, நிறம் ஐவரி.

தோளை மூடும் நிபந்தனைக்குத் தனியாக ஒரு லேஸ் மேற்சட்டை. கவுனோடு சேர்த்துத் தைக்காமல், பின்னால் பொத்தான் வைத்து மாட்டிக் கழற்றும்படி. கை மணிக்கட்டு வரை, அம்மா கேட்டபடி. அக்குளில் வைர வடிவில் இழுபடும் நெட் ஒட்டு ஒன்று வைக்கச் சொன்னேன். கை முன்னால் போகும்போது தேவைப்படும் இரண்டே கால் இன்ச்சை அந்த ஒட்டுதான் தரும். சடங்கு முடிந்ததும் சட்டையைக் கழற்றிவிடலாம்.

வாலில் சமரசம். அம்மா கேட்ட நீளம் இல்லை, நடந்தால் பின்னால் ஓரடி ஒன்றரை அடி படரும் அளவு. விருந்தின்போது அதை மேலே மடித்து மாட்ட, உட்பக்கம் நாடாக்களும் வெளிப்பக்கம் ஒரு பொத்தானும் நூல் வளையமும். அம்மாவின் முகம் வாடியது. குறிப்பில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன், பிறகு அது திரும்ப வந்தது.

சைஸ் விஷயத்தில்தான் நேரம் எடுத்தது. ஆர்டர் கொடுத்துச் செய்யும் கவுன் என்றால் தன் அளவுக்கே தைத்து வரும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அப்படிச் செய்வதில்லை. நாம் அனுப்பும் அளவைத் தங்கள் சார்ட்டோடு வைத்துப் பார்த்து, பெரிய அளவு எதில் விழுகிறதோ அந்த ஸ்டாண்டர்டு சைஸில் வெட்டி அனுப்புவார்கள். மீதியெல்லாம் ஆல்ட்டரேஷன். கவுன் சைஸ் எண் வேறு, அன்றாடம் வாங்கும் உடையின் எண்ணைவிட ஒன்றிரண்டு படி கூடுதலாகவே வரும், அதைக் கண்டு மணப்பெண்கள் பதறுவதும் வழக்கம்.

இவருக்கு மார்பும் முதுகும் ஒரு சைஸிலும், இடுப்பு அதற்கு இரண்டு படி கீழேயும் விழுந்தன. இடுப்பைப் பார்த்து ஒரு சைஸ் குறைக்கலாம் என்பது அவர் கணக்கு. தளர்வான கவுனைப் பிடித்துச் சிறிதாக்குவது எந்த நல்ல தையல்காரருக்கும் முடியும். இறுக்கமான கவுனைப் பிரித்து விட உள்ளே துணி இருக்க வேண்டும். தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணி பக்கத்துக்கு ஓர் இன்ச் இருந்தால் அதிர்ஷ்டம், சில இடங்களில் அதுவும் இராது. போதாததற்கு, உடல் இளைக்கும்போது நாம் நினைக்கிற இடத்தில் இளைப்பதில்லை. பெரிய அளவுக்கே ஆர்டர் செய்வது, இடுப்பைப் பிறகு பிடிப்பது என்று முடிவானது. ஆல்ட்டரேஷன் செலவை முதலிலேயே சொல்லி, அதையும் சேர்த்துத்தான் கவுனுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று கணக்குப் போடச் சொன்னோம்.

கவுன் வந்த பிறகு

ஐந்தரை மாதத்தில் கவுன் வந்தது. இந்த இடைவெளியில் மணப்பெண் சொன்னபடியே உடற்பயிற்சியைக் கூட்டியிருந்தார். எடை குறைந்திருந்தது. இடுப்பு 30 இன்ச்சிலிருந்து 28.5 ஆகியிருந்தது. அவர் கூட்டிய பயிற்சி நீச்சல். முதுகு அரை இன்ச் விரிந்திருந்தது.

ஒரு சைஸ் சிறிய கவுன் வந்திருந்தால் மேல் முதுகில் ஜிப் ஏறியிருக்காது. பிரித்து விட்டாலும் போதியிருக்குமா என்பது சந்தேகம். வந்திருந்த சைஸில் முதுகுக்கு உள்ளே இருந்த துணியில் கால் கால் இன்ச் விட்டதே சரியாக இருந்தது. இடுப்பில் மட்டும் நிறையப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத் தையலில் மட்டும் பிடித்தால் பிரின்சஸ் கோடுகள் பின்னால் ஓடிவிடும். ஆகவே ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தோம். கம்பிகளைக் கழற்றி, சுருக்கி, மீண்டும் போட்டோம். மேற்சட்டையின் லேஸில் பக்கத் தையலின் மேல் ஓடிய பூக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, சட்டையைப் பிடித்துவிட்டு, தையல் தெரியாமல் திரும்பக் கையால் தைத்தோம். ஆல்ட்டரேஷனில் அதிக நேரம் தின்றது இதுதான். வெற்றுத் துணியில் அரை மணி நேர வேலை, லேஸில் ஒரு முழு நாள்.

பாவாடை நீளத்தைக் குறிக்கத் திருமணத்தன்று போடப்போகும் செருப்பு வேண்டும். அவர் கொண்டுவந்தது இரண்டு இன்ச் குதிகால் உள்ள செருப்பு. அதற்கு ஏற்ப, முன்பக்கம் தரையிலிருந்து அரை இன்ச் மேலே நிற்கும்படி மடித்து அடித்தோம். கடைசிப் பொருத்தத்துக்கு வேறு செருப்போடு வந்தார், தட்டையானது. "இதுதான் அக்கா வசதியா இருக்கு, நாள் பூரா நிக்கணும்ல" என்றார். நியாயமான காரணம்தான். பாவாடையின் முன்பக்கம் ஒன்றரை இன்ச் தரையில் கிடந்தது. லேஸ் விளிம்பு உள்ள கவுனாக இருந்திருந்தால் நீளத்தை இடுப்பிலிருந்து பிரித்துத்தான் குறைத்திருக்க முடியும். இது வெற்று மிகாடோ என்பதால் மறுபடி மடிக்க முடிந்தது. ஆனால் பழைய மடிப்பின் இஸ்திரிக் கோடு உற்றுப் பார்த்தால் தெரிந்தது. அவர் பரவாயில்லை என்றார். எனக்கு அது உறுத்தலாகத்தான் இருந்தது.

திருமண நாள்

நான் அங்கே இல்லை. மணப்பெண்ணும் அக்காவும் பிறகு சொன்னவை இவை.

காரில் இறங்கியபோது சுருக்கம் இருந்தது, படத்தில் தெரியும் அளவுக்கு இல்லை. படியிலும் மண்டியிட்டபோதும் சிரமமில்லை. மேற்சட்டை கையைத் தடுக்கவில்லை. அதைச் சடங்கு முடிந்ததும் கழற்றுவதாகத் திட்டம், ஆனால் மாலை வரை போட்டிருந்தார், பிடித்துவிட்டதாம். பின்பக்கப் பொத்தான்களை மாட்டத்தான் கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. சின்னச் சின்ன உருண்டைப் பொத்தான்கள், நகம் வளர்த்த தோழி.

வெக்கை இருந்தது. மிகாடோவின் கனம் மதியத்துக்கு மேல் தெரிந்தது, இடுப்புப் பட்டையின் தடம் மறுநாள் வரை இருந்தது என்றார். கவுன் ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை.

விருந்தில் வாலை மடித்து மாட்டும் நாடாக்கள் எது எதோடு சேரும் என்பது யாருக்கும் நினைவில்லை. கடைசிப் பொருத்தத்தில் தோழிக்குக் காட்டியிருந்தோம். அவர் அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்திருக்கிறார். அக்கா ஒருவாறு மாட்டினார். ஆட்டத்தின்போது யாரோ வாலை மிதித்து, வெளிப்பக்க நூல் வளையம் அறுந்தது. வளையம் அறுந்தது நல்லதே. அதை அளவுக்கு மீறிக் கெட்டியாகத் தைத்தால் மிதிபடும்போது பாவாடைத் துணி கிழியும். ஊக்கு ஒன்றைக் குத்திச் சமாளித்தார்கள்.

நீச்சல் பிள்ளைகள் வந்தார்கள், தூக்கினார், அந்தப் படம் பார்த்தேன். கை முழுக்க மேலே, மேற்சட்டை அக்குளில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

எல்லாம் எல்லோருக்கும் பிடித்ததென்று சொல்ல முடியாது. உள்ளே நுழையும்போது பின்னால் எடுத்த படங்களைப் பார்த்த அம்மா, வால் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று இப்போதும் சொல்கிறாராம். ஐவரி, மாலையின் மஞ்சள் விளக்கில் எடுத்த படங்களில் கிட்டத்தட்ட வெண்ணெய் நிறமாகத் தெரிகிறது; அக்கா அதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. மணப்பெண்ணுக்கும் அந்த மாலைப் படங்கள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பகல் படங்களில் குறை இல்லை.

இனி மாற்றிச் செய்பவை

அளவுத்தாளில் மேல் முதுகுக்கு இரண்டு வரி சேர்த்துவிட்டோம்: கை தொங்கிய நிலை, கை முன்னால் நீட்டிய நிலை. நீந்துபவர், படகு வலிப்பவர், எடை தூக்குபவர் மட்டுமல்ல, கைக்குழந்தையைத் தூக்கிப் பழகிய பெண்களுக்கும் வித்தியாசம் கணிசமாக வருகிறது. உட்கார்ந்த நிலையில் இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவும் அதே தாளில்.

நிறத் துண்டுகளைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் காட்டினால் போதவில்லை. விருந்து இரவில் என்றால் மஞ்சள் விளக்கிலும் ஒரு படம் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிவிட்டுத்தான் இப்போது கேட்கிறோம்.

செருப்பு முடிவாகாமல் பாவாடையை மடிப்பதில்லை. தட்டைச் செருப்பா குதிகாலா என்று மணப்பெண் தடுமாறினால், அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு மாலை முழுக்க நின்று பார்க்கச் சொல்கிறோம்.

வாலை மாட்டும் நாடாக்களுக்கு ஜோடிக்கு ஒரு நிறம். சிவப்பு சிவப்போடு, நீலம் நீலத்தோடு. பாவாடைக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. மாட்டும் முறையைக் குறைந்தது இரண்டு பேர் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும், அதை அவர்களின் கைப்பேசியிலேயே வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும். கவுனோடு ஒரு சின்னப் பையும் போகிறது: கவுன் நிறத்திலேயே நூல் கோத்த ஊசி, நான்கு ஊக்கு, சின்னப் பொத்தான் மாட்டும் கொக்கி ஊசி.

கடைசியாக ஒன்று, திருமணத்துக்குப் பிறகு நடந்தது. கவுன் வாங்கிய பிளாஸ்டிக் உறையிலேயே இரண்டு மாதம் அலமாரியில் தொங்கியிருக்கிறது. கீழ் விளிம்பின் அழுக்குதான் கண்ணில் பட்டதால் அவசரம் தெரியவில்லை. சுத்தம் செய்யக் கொடுத்தபோது அழுக்கு போய்விட்டது, ஆனால் இடுப்புக்குக் கீழே வெளிர் பழுப்பில் கறை ஒன்று புதிதாகத் தோன்றியிருந்தது. இனிப்புப் பானம் சிந்தினால் காய்ந்ததும் நிறமில்லாமல் மறைந்துவிடும். அதில் உள்ள சர்க்கரை நாளாக ஆகப் பழுப்பேறும். பெரும்பாலும் எடுத்தாயிற்று, முழுதாகப் போகவில்லை. இப்போது கவுனைக் கையில் கொடுக்கும்போதே, திருமணம் முடிந்த வாரத்திலேயே சுத்தம் செய்யக் கொடுத்துவிட வேண்டும், கறை தெரியாவிட்டாலும் என்ன சிந்தியது என்று சலவைக்காரரிடம் சொல்ல வேண்டும், பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் அமிலமில்லாத காகிதம் சுற்றிப் பெட்டியில் கிடத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, கூட வரும் அக்காவிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடுகிறோம். மணப்பெண்ணிடம் கொடுத்தால் அந்த வாரத்தில் அது தொலைந்துபோகிறது.